உப்புப் பகுப்பாய்வின் வரலாறு

உப்புப் பகுப்பாய்வு என்பது, கொடுக்கப்பட்ட கனிம உப்பில் உள்ள நேர்மின் அயனியையும் எதிர்மின் அயனியையும் படிப்படியான சோதனைகளால் கண்டறியும் முறையாகும். இளநிலை வேதியியல் மாணவர்கள் கனிம வேதியியல் ஆய்வகத்தில் செய்யும் முக்கியப் பயிற்சிகளுள் இதுவும் ஒன்று. இதன் அட்டவணையைப் பலர் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். அந்த அட்டவணையை வகுத்தவரும் ஒரு மாணவரே என்பது பலர் அறியாதது.

தோற்றம்

18ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் தோர்பெர்ன் பெரிமான், கரைசல்களில் வினைப்பொருள்களைச் சேர்த்து உலோகங்களைக் கண்டறியும் வழிகளைத் தொகுத்தார். 1829இல் செருமானியரான ஐன்ரிச் ரோசு பகுப்பாய்வு வேதியியல் கையேடு ஒன்றை வெளியிட்டார். அது விரிவான நூல். தொடக்கநிலை மாணவர் பின்பற்றுவது எளிதன்று.

கார்ல் ரெமிகியஸ் ஃபிரெசீனியஸ் 1818இல் பிராங்க்ஃபுர்ட் நகரில் பிறந்தார். முதலில் மருந்துக்கடையில் தொழில் பழகினார். 1840இல் பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு மாணவராக இருந்தபோதே எழுதிய பண்பறி பகுப்பாய்வு நூல் 1841இல் வெளிவந்தது. பொதுவாகக் கிடைக்கும் தனிமங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த வினைப்பொருளுக்குப் பின் எதைச் சேர்க்க வேண்டும் என்னும் வரிசையை அது தெளிவாகக் காட்டியது. பின்னர் அவர் கீசன் நகரில் லீபிக்கின் ஆய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். 1848இல் வீசுபாடன் நகரில் ஆய்வகம் ஒன்றை நிறுவினார். 1862இல் பகுப்பாய்வு வேதியியலுக்கெனத் தனி இதழையும் தொடங்கினார். 1897இல் மறைந்தார்.

வரிசையின் காரணம்

இன்று கற்பிக்கப்படும் முறையில், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் வெள்ளி, காரீயம் போன்றவை குளோரைடுகளாக வீழ்படிகின்றன. அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினால் தாமிரம், காட்மியம் முதலியவை சல்பைடுகளாகப் பிரிகின்றன. துத்தநாகமும் மாங்கனீசும் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. பின்னர் அம்மோனியா சேர்த்துக் காரத்தன்மையாக்கி அதே வாயுவைச் செலுத்தும்போதுதான் அவை வீழ்படிகின்றன.

ஒரே வாயு இருவேறு விதமாக நடந்துகொள்வது ஏன்? ஃபிரெசீனியஸ் நூல் எழுதிய காலத்தில் இதற்குக் கோட்பாட்டு விளக்கம் இல்லை. அர்ரீனியசின் அயனிக் கொள்கை 1880களில் வந்தது. 1889இல் நெர்ன்சுட்டு கரைதிறன் பெருக்கக் கருத்தை முன்வைத்தார். 1894இல் ஓசுட்வால்டு இவற்றைக் கொண்டு பகுப்பாய்வு வேதியியலின் அடிப்படைகளை விளக்கி நூல் எழுதினார். செய்முறை வந்து 53 ஆண்டுகளுக்குப் பிறகே அதன் காரணம் பாடநூலில் இடம்பெற்றது.

அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள் மிகுந்திருப்பதால் சல்பைடு அயனிகள் மிகக் குறைவாகவே உண்டாகின்றன. தாமிர சல்பைடின் கரைதிறன் பெருக்கம் மிகச் சிறியது. எனவே அந்தச் சிறிதளவே அதை வீழ்படிவிக்கப் போதுமானது. துத்தநாகத்திற்கு அது போதாது. அமிலம் தேவைக்குக் குறைந்தால் துத்தநாகமும் முன்னதாகவே வீழ்படியும். மிகுந்தால் காட்மியம் வீழ்படியாமல் நின்றுவிடும். மாணவர் பெறும் தவறான முடிவுகள் பலவற்றுக்கு இதுவே காரணம். அட்டவணையை மட்டும் அறிந்தவர் அங்கே திகைத்து நிற்பார். காரணம் அறிந்தவர் பிழையைத் திருத்திக்கொள்வார்.

இன்றைய நிலை

ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு. அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம் என்றாலும், செறிவு மிகும்போது அது முகரும் உணர்வையே மழுங்கடித்துவிடும். ஆகவே நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி ஏமாறக் கூடாது. கிப் உபகரணத்தைப் புகைபோக்கி அறையில் வைப்பதும், மிகக் குறைந்த அளவு பொருள்களைக் கொண்டு சோதிக்கும் நுண்ணளவு முறையைப் பின்பற்றுவதும் இதனால்தான்.

இக்காலத்தில் கருவிகள் ஒரு மாதிரியில் உள்ள பல உலோகங்களைச் சில நிமிடங்களில் காட்டிவிடுகின்றன. எனினும் நிறம், வீழ்படிவு, கரைதல் ஆகியவற்றைக் கண்ணால் கண்டு, சமநிலைக் கொள்கையோடு பொருத்திப் பார்க்கும் பயிற்சியை உப்புப் பகுப்பாய்வு இன்றும் மாணவர்க்கு அளித்துவருகிறது.