மடுல்சீமைக் கோப்பியும் நம்மூர் மயில்துத்தமும்



மாரி முடிந்து வெயில் எறிக்கத் தொடங்கினால் நம்மூர் வளவுகளில் ஒரே பேச்சுத்தான். தேசி இலையில் புள்ளி, பப்பாசியில் கறுப்பு, மாம்பூ கருகிக் கொட்டுகிறது. யாராவது ஒரு காக்கா "மயில்துத்தம் அடிச்சாச் சரி வரும்" என்பார். கடையில் வாங்கி, கண்மதிப்பாய்க் கரைத்து, அடித்தும் விடுகிறோம். சிலருக்கு இலை எரிந்துவிடுகிறது. சிலருக்கு ஒன்றும் நடப்பதில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் செம்புசல்பேற்று என்று பளிங்கு வளர்க்கிறோமே, அந்த நீலக்கல்தான் இது. அதன் கதையில் ஒரு பாதி நம் தீவில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் ஏறினால் வரும் மலைநாட்டில் மடுல்சீமை இருக்கிறது. 1869இல் அங்கே கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்ற அறிஞர் அது புதிய பங்கசு என்று கண்டு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயர் வைத்தார். தோட்டத் துரைமார் அதையே திரித்து 'நாசக்கார எமிலி' என்று கேலி பேசினார்கள். கேலி அதிக நாள் நிலைக்கவில்லை.

1870இல் இலங்கை ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதி செய்தது. துரைமாரின் தோட்டம் மட்டுமல்ல, கண்டிக் கிராமத்தவர் வீட்டு வளவில் வளர்த்த கோப்பியும் அதில் சேர்த்தி. அந்தக் கிராமக் கோப்பியை வாங்கி விற்றவர்களில் நம் முஸ்லிம் வியாபாரிகள் பலர். இருபது ஆண்டுக்குள் அந்தத் தொகை பத்தில் ஒன்றுக்கும் கீழே போனது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுகளை வைத்திருந்த மக்கள் பதறியபோது ஆளுநர் ஆதர் கோர்டன் அரசாங்கமே பொறுப்பு என்று அறிவிக்க வேண்டி வந்தது. ஓர் இலைப்புள்ளி வங்கியை விழுத்தும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள்?

இடையில், 1880இல், ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை ஆங்கில அரசு இங்கே அனுப்பியது. கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் பறந்து வரும் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். வித்தி ஈரமான இலையில் முளைத்து, இலையின் நுண்துளை வழியாக உள்ளே போகிறது. தூள் கண்ணுக்குத் தெரியும்போது நோய் ஏற்கெனவே உள்ளே குடியேறி நாளாகிவிட்டது. ஆகவே காக்க வேண்டுமானால் வித்தி முளைப்பதற்கு முன்பே இலையின் மேல் ஏதாவது இருக்க வேண்டும். ஆனால் எதை வைப்பது? கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார்கள், தோட்டங்களைக் காப்பாற்ற அவை போதவில்லை. 1882இல் வார்ட் திரும்பிப் போய்விட்டார்.

அதே 1882இல், ஒக்டோபர் மாதம், பிரான்சின் போர்டோப் பகுதியில் பேராசிரியர் மில்லார்தே திராட்சைத் தோட்டங்களின் ஓரமாக நடந்து போனார். அந்த வருடம் பூஞ்சண நோயால் கொடிகளெல்லாம் இலை கொட்டி நின்றன. வீதியோரக் கொடிகள் மட்டும் பச்சையாக இருந்தன. விசாரித்தால், வழிப்போக்கர் பழம் பறித்துத் தின்னாமல் இருக்க, பார்த்தால் நஞ்சு போலத் தெரிவதற்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தார்களாம்! கள்ளனுக்குப் போட்ட வேலி நோய்க்கும் வேலியாகிவிட்டது. மில்லார்தே மூன்று வருடம் சோதித்து 1885இல் செய்முறையை வெளியிட்டார். அதுதான் போர்டோக் கலவை. வார்ட் தேடிய பொருளும் அதுதான். கோப்பித் துருவுக்கு இன்றும் உலகெங்கும் செம்பு மருந்து அடிக்கிறார்கள். நம் மலைநாட்டுக்கோ அது பிந்திப் போனது, துரைமார் தேயிலைக்கு மாறிவிட்டார்கள். 1946இல் தேயிலையிலும் கொப்புள நோய் வந்தபோது செம்பு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, தேயிலை பிழைத்தது.

வார்ட் சொன்னதை நம் வளவுக்குப் பொருத்திப் பாருங்கள். செம்பு காவல்காரன், வைத்தியன் அல்ல. புள்ளி விழுந்த இலையை அது சுகமாக்காது. பக்கத்தில் இருக்கும் நல்ல இலையைத்தான் காக்கும். அதனால் மாரிக்கு முன்பும், மழை விட்ட இடைவெளியிலும் அடிக்க வேண்டும். நோய் முற்றிய பிறகு இரட்டிப்பாய்க் கரைத்து அடித்தால் மரம்தான் எரியும். பூச்சிக்கும் வைரசுக்கும் இது மருந்தே இல்லை. பப்பாசி இலை சுருண்டால் மயில்துத்தத்தைத் தேடிப் போக வேண்டாம்.

இன்று வழக்கத்தில் உள்ள அளவு 1 வீதக் கலவை: 10 லீற்றர் தண்ணீருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரும்பு வாளி ஆகாது. பிளாஸ்டிக் அல்லது மண்பாத்திரம் எடுங்கள். இரண்டையும் ஐந்தைந்து லீற்றரில் தனித்தனியே கரைத்து, சுண்ணாம்புப் பாலை வடித்து, துத்தநீரை அதற்குள் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். சுண்ணாம்புதான் எரிவை அடக்குகிறது, இலையில் ஒட்ட வைக்கிறது. திறந்த சாக்கில் மாதக்கணக்காய்க் கிடந்த சுண்ணாம்பு காற்றுப்பட்டுப் பலம் இழந்திருக்கும். சரிபார்க்க, தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள். செந்நிறமாய்ச் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கலந்தது அன்றைக்கே முடிய வேண்டும். முதலில் இரண்டு கிளைக்கு மட்டும் அடித்து, சில நாள் பார்ப்பது நல்லது. பக்கற்றில் வரும் செம்பு மருந்தென்றால் அதிலுள்ள அளவே அளவு, அறுவடைக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கும்.

நமக்கு உண்மையில் கவலை தரும் விடயம் வேறு. செம்பு ஓர் உலோகம், அது உக்கி அழியாது. நூறு வருடத்துக்கு மேல் அடித்த பிரான்சின் திராட்சை மண்ணில் அது சேர்ந்து கிடக்கிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஒரு ஹெக்டயருக்கு ஏழு வருடத்தில் 28 கிலோ செம்பு, அதாவது சராசரியாக வருடத்துக்கு 4 கிலோ, என்று மட்டுப்படுத்தியது. அதை நம் காணிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 10 பேர்ச் வளவுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் செம்பு வருகிறது. 100 கிராம் மயில்துத்தத்தில் 25 கிராம் செம்பு உண்டு. அப்படியானால் முழு வளவுக்கும் வருடத்துக்கு நாலே நாலு வாளி. வீடும் முற்றமும் போக மிஞ்சும் மண் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

நம்முடையது மணல். சில அடி தோண்டினால் தண்ணீர். உக்கல் குறைந்த மணல் செம்பைப் பிடித்து வைக்காது, கீழே விட்டுவிடும். கிணறும் மாமரமும் ஒரே வளவுக்குள். எனவே கிணற்றுக்கட்டில் வைத்துக் கலக்கவே கூடாது. மருந்தடித்த வாளியையும் பம்பையும் வாவியில் கழுவவும் கூடாது. மீனின் பூவைச் செம்பு தாக்கும். இறாலின் இரத்தமே செம்பால் ஆனது, ஆனாலும் தண்ணீரில் செம்பு சற்றுக் கூடினாலே இறால் குஞ்சு தாங்காது. வாவியை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மருந்தடிக்கும் தம்பிமாருக்கு: சாரத்தை மடித்துக் கட்டி வெறும் மேலோடு அடிக்க வேண்டாம். போர்த்துக்கல் திராட்சைத் தோட்டங்களில் பல வருடம் போர்டோக் கலவை அடித்தவர்களின் நுரையீரல் கெட்டிருந்ததை 1969இல் வைத்தியர்கள் எழுதினார்கள். நீளக்கை சேட், கையுறை, கண்ணாடி, முகமூடி வேண்டும். கடற்காற்று எழும்பும் முன் காலையிலேயே முடித்துவிடுங்கள். கண்ணில் பட்டால் கால் மணித்தியாலமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

உம்மாமார் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பிள்ளைக்கு அந்த நீலக்கல் கற்கண்டு மாதிரித் தெரியும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுக்க வைக்காமல், பக்கற்றையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினியில் வைக்காதீர்கள், பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள்.

மலைநாட்டில் தேயிலைக்கு மருந்தடித்த அனுபவமுள்ள மூத்தவர்கள் நம்மூரில் இருந்தால் கீழே எழுதுங்கள், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம்.