கீரையின் பச்சையும் அதனுள் மறைந்த மஞ்சளும்

செமினிச் சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவது பச்சை நிறம் ஒன்றே. ஆயினும் அவ்விலைக்குள் மஞ்சளும் செம்மஞ்சளுமாகிய நிறமிகளும் உள்ளன. பச்சையம் மிகுந்திருத்தலால் அவை புறத்தே தோன்றுவதில்லை. அவற்றைப் பிரித்துப் பெயரிட்டு அளப்பதற்கு அறிஞர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உழைத்துள்ளனர். அவ்வரலாற்றை மொழியியல் நோக்கில் காண்பதே இவ்வுரையின் பொருள். பெயர் மயங்கினால் அளவும் மயங்கும் என்பது நாம் கூற விழையும் கருத்து.

முதலில் பெயர் பெற்றது பச்சை. பிரெஞ்சு வேதியியலார் பெல்த்தியேயும் கவாந்துவும் 'பச்சை', 'இலை' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 1818இல் அதற்குக் குளோரோபில் எனப் பெயர் சூட்டினர். தமிழில் நாம் அதனைப் பச்சையம் என ஆக்கிக்கொண்டோம். 1831இல் வாக்கன்ரோடர் கேரட்டிலிருந்து பிரித்த நிறமி கரோட்டின் ஆயிற்று. 1837இல் பெர்சிலியசு இலையின் மஞ்சளுக்குச் சாந்தோபில் என்று பெயரிட்டார்.

இவற்றை ஒருங்கே பிரிக்கும் வழியைக் கண்டவர் உருசியத் தாவரவியலார் மிகையில் சுவெத்து. சுண்ணத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றினார். சாறு கீழிறங்குகையில் பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையங்களாகப் படிந்தன. 'நிற எழுத்து' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை 1906இல் அம்முறைக்கு அளித்தார். இன்று நம் பாடநூல்கள் அதனை வண்ணப்பிரிகை என்கின்றன. சுவெத்து என்னும் அவர் குடும்பப் பெயருக்கும் உருசிய மொழியில் நிறம் என்பதே பொருள்.

நிறமிக்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பு 1930இல் தெளிவாயிற்று. கேம்பிரிட்சில் தாமசு மூர், கரோட்டின் எலியின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவதை நிறுவினார். நம் முன்னோர் மாலைக்கண் என்றழைத்த குறைபாட்டிற்குக் கீரையில் மருந்துண்டு என்பதற்கு இதனால் அறிவியற் சான்று கிடைத்தது. நீலகிரியின் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர் அய்க்ராய்டு 1937இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில் கரோட்டினுக்கும் இடமளித்தார். இறைச்சியும் பாலும் எட்டாத வீட்டுக்கு முருங்கையிலையும் தண்டுக்கீரையும் எட்டும் என்பதால் அவ்வெண்கள் ஏழையரின் உணவைத் திட்டமிட உதவின.

சிக்கலும் அங்கேயே இருந்தது. இலையின் மஞ்சள் யாவும் ஒன்றல்ல. பீட்டா கரோட்டின் வைட்டமின் ஏ ஆக மாறும், லூட்டின் மாறாது. இரண்டையும் பிற நிறமிகளையும் செவ்வையாகப் பிரிக்காமல் ஒரே பெயரின்கீழ் எண்ணினால் அளவு உள்ளதினும் கூடித் தோன்றும். தட்டில் சத்து நிறைந்துள்ளதாகத் தாளில் எழுதப்படும். குழந்தையின் உடலிலோ குறை நீடிக்கும்.

இச்சிக்கலை நம் நாட்டு உணவுகளில் ஆராய்ந்தது, 1900இல் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆய்வுக் கழகம். அங்குப் பணியாற்றிய டீ இ சியோங்கும் உடனாய்வாளர் லிம்மும் மலேசியக் காய்கறி, பழங்களின் நிறமிகளைப் பழைய குழாய் முறையாலும் புதிய உயர்செயல்திறன் நீர்ம வண்ணப்பிரிகையாலும் அளந்து, முடிவுகளை 1991இல் வெளியிட்டனர். இத்தகைய ஆய்வில் நறுக்கிய இலையிலிருந்து நிறமிகளைக் கரைப்பானில் இறக்குவர். காரத்தால் பச்சையத்தை நீக்குவர். எஞ்சியவற்றைக் குழாய்வழிச் செலுத்தி, 450 நானோமீட்டர் அளவிலான நீலவொளியை ஒவ்வொன்றும் எவ்வளவு உறிஞ்சுகிறது எனக் கணிப்பர். ஒளி பட்டால் நிறமி சிதையும் ஆதலின் மங்கிய வெளிச்சத்திலேயே பணி நடைபெறும்.

கணக்கும் மாறியது. 6 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் ரெட்டினாலுக்கு ஈடென 1967இல் உலக அமைப்புகள் வகுத்தன. உணவிலுள்ள கரோட்டினுக்கு 12 மைக்ரோகிராம் வேண்டும் என 2001இல் அமெரிக்க மருத்துவக் கழகம் திருத்தியது. அதே கீரைக்கட்டின் வைட்டமின் மதிப்பு இதனால் தாளில் பாதியாயிற்று. மறுபுறம், வைட்டமின் கணக்கில் இடம்பெறாத லூட்டின் நம் விழித்திரையின் நடுப்பகுதியில் திரண்டு, கூரிய நீலவொளியை மட்டுப்படுத்துகிறது என அறிந்தோம். வேண்டாத மஞ்சளாக ஒதுக்கப்பட்டது தனிப் பெயராலேயே தனி மதிப்புப் பெற்றது.

மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. 'சத்து' என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் சத்து, எம்முறையால் அளந்தது, எவ்வளவு உடலில் சேரும் என வினவுங்கள். ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு முருங்கையிலையை வகுப்பறைக்குக் கொணர்ந்து, பச்சையம், கரோட்டின், லூட்டின் என்னும் மூன்று பெயர்களையும் அவற்றின் வேறுபாட்டோடு கற்பியுங்கள். கரும்பச்சை இலையில் இந்நிறமிகள் மிகுதி என்பதையும், சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் அவை உடலில் நன்கு சேரும் என்பதையும் உடன் சொல்லுங்கள். அம்மாணவர் மாலையில் வீட்டுக்குச் சென்று சொல்வதற்கு அதுவே போதும்.