போகிக் காலையில் எடுத்த படம்

2018 ஜனவரி 13, போகி. ராயப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க்கூடத் தெரியவில்லை. கீழே பசங்க மேளம் அடிக்கிறார்கள். யாரோ டயர் கொளுத்தியிருக்கிறார்கள். "பனி ஜாஸ்தியா இருக்குடா, ஜன்னலைச் சாத்து" என்று ஆயா உள்ளேயிருந்து இருமிக்கொண்டே சொன்னாங்க. அன்று மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. நான் செல்போனில் ஒரு படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். "கொடைக்கானலா மச்சி?" என்று கேட்டான்.

காற்று மாசைப் படம் எடுப்பதில் உள்ள சிக்கலே இதுதான். நவம்பர் வந்தால் ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி வழியாக உலகம் பார்க்கும் டெல்லியை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி கரைந்த இந்தியா கேட், யமுனையில் ஒரு படகு, மேலே பறவைகள், மஞ்சள் வெளிச்சம். காலண்டரில் போடலாம், அவ்வளவு அழகு. மனிதர்கள் வெறும் நிழலாக நடந்து போகிறார்கள்.

லண்டன் 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையில் ஐந்து நாள் மூழ்கிக் கிடந்தது. செத்தவர்கள் 4,000 பேர் என்று முதலில் கணக்கிட்டார்கள், பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அந்தப் படங்களும் பழைய சினிமா ஸ்டில் மாதிரி அழகானவைதான். ஆனால் அவற்றில் ஒரு போலீஸ்காரர் தீப்பந்தத்தோடு போக்குவரத்தைச் சரிசெய்கிறார், ஒரு கண்டக்டர் பஸ்ஸுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு நடக்கிறார். லண்டன்காரர் சமாளிக்கிறார், டெல்லிக்காரர் மங்கலாகத் தெரிகிறார். எனக்கு உறுத்துவது இந்த வித்தியாசம்தான்.

உடனே "வெள்ளைக்காரன் பார்வை" என்று முடித்துவிடவும் முடியாது. அந்த ஏஜென்சிகளுக்கு டெல்லியில் படம் எடுப்பவர்களில் நிறையப் பேர் இந்தியர்கள். கேமரா நம் ஆள் கையில் இருந்தாலும், எந்தப் படம் போகும் என்பது வேறெங்கோ ஒரு மேசையில் முடிவாகிறது.

1984 போபாலை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் பிறந்த பாப்லோ பார்த்தலோமியோ, புதைக்கப்படும் பெயர் தெரியாத குழந்தையின் முகத்தை எடுத்தார். அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அது. அதே குழந்தையை ரகு ராயும் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். படத்தில் விஷவாயு இல்லை, யூனியன் கார்பைடு ஆலையும் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து பார்க்கும் ஒரு முகம் மட்டும்தான். அதைப் பார்த்து யாரும் "கொடைக்கானலா?" என்று கேட்கமாட்டார்கள்.

2017 டிசம்பரில் டெல்லி கோட்லா டெஸ்டில் இலங்கை வீரர்கள் மாஸ்க் போட்டு நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. ஆட்டம் 17 நிமிடம் நின்றது. லக்மல் மைதானத்தில் வாந்தி எடுத்தார். நம்மில் பலர் "நாடகம் போடுறானுங்க" என்றோம். நானும்தான் சிரித்தேன். போகிக்கு அப்போது ஆறு வாரம்கூட இல்லை.

எண்ணூருக்கு அந்த மாதிரி ஒரு படம் இன்னும் வாய்க்கவில்லை. கடற்காற்று, நீல வானம், தூரத்தில் அனல்மின் நிலையத்துச் சிம்னிகள். பிஎம் 2.5 தூசு தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அது எந்த லென்ஸில் சிக்கும்?

போகியன்று சாயங்காலம் ஆயா நெபுலைசர் மாஸ்க்கோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாங்க. செல்போன் என் கையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. கேட்டிருந்தால், "போடா, தலைகூட வாரல" என்றிருப்பாங்க.