கோலார் தங்கவயல்: பத்தாயிரம் அடி ஆழத்தில் விட்ட மூச்சு

கேஜிஎஃப் என்றதும் இப்போது எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. 2018-ல் யாஷ் வந்தார், 2024-ல் 'தங்கலான்' வந்தது. இங்கே மெல்போர்னில் நண்பர்கள் வீட்டுக்குப் போனால், "உங்க அம்மா ஊர் கேஜிஎஃப்தானே, அங்க இன்னும் தங்கம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். தங்கத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது அங்கே இருந்த காற்றைப் பற்றி.

காரணம் என் பிழைப்பு. பெரிய கட்டிடங்களுக்கு ஏசி, காற்றோட்டம் வடிவமைக்கும் இன்ஜினியர் நான். ஒரு மாடியில் நூறு பேர் உட்கார்ந்தால் எவ்வளவு காற்று உள்ளே போக வேண்டும், எவ்வளவு வெளியே வர வேண்டும் என்று நாள் பூராவும் கணக்குப் போடுகிறவனுக்கு, மூன்று கிலோமீட்டர் பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான பேர் எப்படி மூச்சு விட்டார்கள் என்ற கேள்வி வராமல் இருக்குமா? அப்படி இறங்கியவர்களில் என் அம்மா வழித் தாத்தாவும் ஒருவர்.

ஊர் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1802-ல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் ராணுவ லெப்டினன்ட், கோலார் பக்கத்து ஜனங்கள் மண்ணிலிருந்து தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். 1870-களில் லவெல் என்ற ஓய்வு பெற்ற ராணுவக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என்று நான்கு பெரிய சுரங்கங்கள். இறங்கி வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து போன தமிழ் தலித் மக்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்தது. 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது, 2001 பிப்ரவரி 28-ல் இழுத்து மூடப்பட்டது. 120 வருடத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம். சாம்பியன் ரீஃப் மட்டும் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம். உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று.

இனி மூச்சுக்கு வருவோம்.

நாம் இழுக்கிற காற்றில் பிராணவாயு 21 சதவீதம், கரியமில வாயு வெறும் 0.04 சதவீதம். விடுகிற காற்றில் பிராணவாயு 16 சதவீதமாகக் குறைந்திருக்கும், கரியமில வாயு 4 சதவீதத்துக்கு ஏறியிருக்கும். இந்த மாற்றம் நடக்கும் இடம் நுரையீரலின் கடைசியில் இருக்கும் நுண்ணறைகள். கோடிக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒரு பேட்மிண்டன் கோர்ட்டை ஏறக்குறைய மூடிவிடும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் கனம் ஒரு மைக்ரானில் பாதிதான். தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு மெல்லிய சவ்வு வழியாக ஒரு வாயு உள்ளே போகிறது, இன்னொன்று வெளியே வருகிறது. அந்தச் சவ்வு தடித்துப் போனால் கதை முடிந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

மற்ற பிராணிகள் வேறு வேறு வழி கண்டுபிடித்திருக்கின்றன. தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு என்பதால் மீனின் செவுளில் தண்ணீர் ஒரு திசையிலும் ரத்தம் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. கரப்பான்பூச்சிக்கு நுரையீரலே கிடையாது. உடம்பின் பக்கவாட்டில் உள்ள ஓட்டைகளிலிருந்து குழாய்கள் நேராகத் திசுக்களுக்கே காற்றைக் கொண்டு போகின்றன. பறவைதான் இதில் கெட்டிக்காரன். நமக்கு வந்த வழியே காற்று திரும்ப வேண்டும். அதனால் பழைய காற்று கொஞ்சம் எப்போதும் உள்ளே தங்கிவிடும். பறவைக்கு நுரையீரலுக்கு முன்னும் பின்னும் காற்றறைகள் இருப்பதால், நுரையீரல் வழியாகக் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. நம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது என்றால், இந்த ஏற்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆழமான சுரங்கமும் பறவை மாதிரிதான் மூச்சு விட வேண்டும். ஒரு ஷாஃப்ட் வழியாக நல்ல காற்று கீழே இறங்கும், இன்னொரு ஷாஃப்ட் வழியாகக் கெட்ட காற்று மேலே ஏறும். நடுவில் கதவு போட்டும் திரை கட்டியும் விசிறி வைத்தும், ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்குக் காற்றைத் திருப்பிவிட வேண்டும். ஒற்றைத் துளை போட்டு வெட்டிக்கொண்டே போனால் நம் நுரையீரல் மாதிரி பழைய காற்று அடியிலேயே தங்கிவிடும்.

"அவ்வளவு ஆழத்துல காத்தே இருக்காது" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். உண்மை நேர்மாறு. தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 3.2 கிலோமீட்டர் இறங்கினால் மேலே உள்ள காற்றின் பாரம் முழுக்க அழுத்துவதால், காற்றழுத்தம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அதிகமாகத்தான் கிடைக்கும். பிறகு ஏன் மூச்சு முட்டியது?

முதல் காரணம் சூடு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடும் இல்லையா? அழுத்தினால் காற்று சூடாகும். ஷாஃப்டில் இறங்கும் காற்று, காய்ந்த காற்றாக இருந்தால், 100 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தன்னால் சூடேறும். கீழே பாறையின் வெப்பமே 60 டிகிரியைத் தாண்டியது. தூசு அடங்கத் தெளிக்கும் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்டால் வியர்வை காயாது. ஜே.எஸ். ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து உடலியல் அறிஞர் 1905-ல் எழுதியது இதுதான்: சாதாரண வெப்பமானியை நம்பாதே, ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைப் பார். காற்று அசையாத இடத்தில் அது 31 டிகிரியைத் தாண்டினால் மனிதனின் உடம்புச் சூடு ஏற ஆரம்பிக்கும். அதனால்தான் 1930-களிலேயே தங்கவயலில் சுரங்கத்துக்குள் அனுப்பும் காற்றைக் குளிரூட்டும் இயந்திரங்களை நிறுவ ஆரம்பித்தார்கள். நம் ஊர்ப் பெரிய ஜவுளிக்கடையில் ஏசி வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பு! என் தொழிலின் வரலாற்றில் என் தாத்தா ஊருக்கு ஒரு இடம் இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டாவது, வாயு. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைத் தருவது பிராணவாயு குறைவது அல்ல, கரியமில வாயு கூடுவதுதான் என்று 1905-ல் காட்டியதும் இதே ஹால்டேன்தான் (கூட பிரீஸ்ட்லி). வெடி வைத்த பிறகு வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பிராணவாயுவை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும், மூச்சும் முட்டாது. நிலக்கரிச் சுரங்கங்களில் கனேரிக் குருவியைக் கூண்டில் கொண்டு போகச் சொன்னதும் ஹால்டேன். பறவையின் நுரையீரல் அவ்வளவு திறமையாக வாயுவை உறிஞ்சுவதால் மனிதனுக்கு முன்னால் அது மயங்கி விழும். (இவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-ல் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார்.)

மூன்றாவது காரணத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். தூசு. அதை எச்சரிக்க எந்தக் குருவியாலும் முடியாது.

கோலார் தங்கம் வெண்கல் பாறையில், அதாவது குவார்ட்ஸில் இருந்தது. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. அழுத்தக் காற்றில் ஓடும் துளைக் கருவி வந்ததும் வேலை வேகமானது. கூடவே மாவு மாதிரித் தூசு பறந்தது. பெரிய தூசை மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியோடு வெளியே தள்ளிவிடும். 5 மைக்ரானுக்குக் குறைந்த தூசு நேராக நுண்ணறைக்குப் போகும். அங்கே காவல் இருக்கும் ரத்த அணு அதை விழுங்கும். கிருமியென்றால் செரித்துவிடும், கல்லை எப்படிச் செரிக்கும்? அணு செத்துப்போகும், தூசு மறுபடி வெளியே வரும், இன்னொரு அணு விழுங்கும், அதுவும் சாகும். இப்படியே அந்த இடம் தழும்பாகும். அரை மைக்ரான் சவ்வு நார் நாராகத் தடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுப்பார். பாறையில் துளை போடுகிறவர் அதைப் போலப் பல மடங்கு இழுப்பார். ஒரு ஷிஃப்டுக்கு 10,000 லிட்டருக்கு மேல். உழைக்க உழைக்கத் தூசு.

இதன் பெயர் சிலிகோசிஸ். வர பத்து இருபது வருடம் ஆகும். வேலையை விட்ட பிறகும் வளரும். வந்தால் குணமாகாது. காசநோய் வரும் ஆபத்தையும் பல மடங்கு கூட்டும்.

அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. 1556-ல் அச்சான அக்ரிகோலாவின் சுரங்கப் புத்தகத்திலேயே, கார்பேத்திய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவர்களைத் தூசுக்குப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்று இருக்கிறது. 1904-ல் ஹால்டேன் குழு இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்து, துளைக் கருவியின் தூசுதான் கொல்கிறது, தண்ணீர் விட்டு அடக்குங்கள் என்று அறிக்கை கொடுத்தது. தங்கவயலில் மேஸ்திரிகளாகவும் அதிகாரிகளாகவும் இருந்த வெள்ளைக்காரர்களில் பலர் அதே கார்ன்வால்காரர்கள்! 1930-ல் ஜோகன்னஸ்பர்க்கில் இதற்கென்றே சர்வதேச மாநாடு நடந்தது. ஆனால் இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலில் பதிவானது 1947-ல், கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்து என்றுதான் நம் மருத்துவ மாணவர்களின் பாடப்புத்தகம் சொல்கிறது. கம்பெனி வந்து 67 வருடம் கழித்து.

ஏன் அவ்வளவு தாமதம்? தங்கம் ஒரு துளி திருட்டுப் போனாலும் பிடிக்கத் தனிச் சட்டம் இருந்தது. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யப் போய் 1930-ல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. விரலைக் கணக்கெடுக்க நினைத்தவர்கள் நுரையீரலைக் கணக்கெடுக்கவில்லை. பாறை வெடித்தோ புகையிலோ ஒருவர் இறந்தால் அன்றைக்கே சங்கு ஊதும், ஊரே கூடும். தூசு அப்படியல்ல. மூச்சிரைக்க ஆரம்பித்ததும் "இனி முடியாது" என்று மனிதர் ஊருக்குத் திரும்பிவிடுவார். குடியாத்தம் பக்கமோ திருப்பத்தூர் பக்கமோ ஒரு கிராமத்தில் நாலு வருடம் இருமிச் சாவார். அது 'டிபி' என்று போகும், 'நெஞ்சு சளி' என்று போகும், பீடியின் மேல் பழி போகும். சுரங்கத்தின் கணக்கில் மட்டும் ஏறாது.

பிறகு சட்டம் வந்தது. 1952 சுரங்கச் சட்டத்தின் கீழ் சிலிகோசிஸ், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் ஒன்றானது. தொழில் நோய்க்கான இழப்பீட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டு, 2019-ல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தில் 500 கோடி ராண்டு அளவுக்கு இழப்பீடு வாங்கினார்கள். ராஜஸ்தான் அரசு 2019-ல் கல்குவாரித் தொழிலாளர்களுக்காகத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில், சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை அறுத்த இளைஞர்களுக்கு இதே நோய் வந்து, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லுக்கே தடை போட்டார்கள். அக்ரிகோலா எழுதிய அதே தூசு, நம் பளபளப்பான கிச்சனில்.

நம் குடும்பங்களுக்கு இது பழங்கதை அல்ல. 2001-ல் கடைசியாகக் கூண்டில் ஏறி மேலே வந்தவர்களில் பலர் இப்போது அறுபது, எழுபது வயதில் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பெங்களூரிலும் ஆம்பூரிலும் இருக்கிறார்கள். நோய் வெளியே தெரியும் வயது இதுதான். உங்கள் அப்பாவோ மாமாவோ பெரியப்பாவோ அவர்களில் ஒருவர் என்றால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "இருமல்" என்று மட்டும் சொல்ல விடாதீர்கள். எந்தச் சுரங்கம், என்ன வேலை, எத்தனை வருடம், துளை போடும் இடமா, கல் அரைக்கும் மில்லா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். காசநோய்ப் பரிசோதனையும் கேளுங்கள், அதற்கு மருந்து உண்டு. பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எது கிடைத்தாலும் பத்திரம்.

எடுத்த தங்கத்துக்கு வருடா வருடம் கிராம் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நுரையீரலுக்கு அப்படி ஒரு பேரேடு கிடையாது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நாம் எழுதி வைத்தால்தான் உண்டு.