வேலூரில் தோள்கள் நடந்த கதை



"சார், தோள்பட்டை குடையுது. ஒரு ஊசி போட்டு விடுங்க. நாளைக்கு ஷிப்டுக்குப் போகணும்."

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... தோல் தொழிலை நம்பி வாழும் இந்த ஊர்களில் மருத்துவம் பார்க்கும் எவருக்கும் இது பழகிப்போன வாசகம். ஒருவர் டேனரியில் ஈரத்தோல் தூக்குபவராக இருப்பார். இன்னொருவர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷின் மேல் குனிந்திருக்கும் அக்காவாக இருப்பார்.

ஊசி போடலாம். அதற்கு முன்னாடி ஒரு வரலாறு சொல்கிறேன். உங்க ஊருக்குப் பக்கத்தில், வேலூரில் நடந்தது.

1946.
கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரிக்கு வருகிறார். தொழுநோயால் நரம்பு செத்து, விரல்கள் மடங்கிப்போன கைகளைப் பார்க்கிறார். வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றித் தைக்கிறார். மடங்கிய விரல் நிமிர்கிறது.

ஆனால் ஆபரேஷனோடு வேலை முடியவில்லை. இடம் மாறிய தசைக்கு அதன் புது வேலையை வாரக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தையல் பிரித்த பிறகு நடந்த பயிற்சிதான் அந்தக் கையைக் கையாக்கியது.

பிராண்ட் இன்னொன்றையும் கண்டுகொண்டார். தொழுநோயாளிகளின் கைகளில் காணப்பட்ட காயங்களில் பெரும்பகுதிக்கு நேரடிக் காரணம் கிருமி அல்ல, வலி தெரியாததுதான். சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. வலி என்பது உடம்பு நமக்கு வைத்திருக்கும் காவல்காரன்.

இதை நினைவில் வையுங்க. கடைசியில் தேவைப்படும்.

1954 ஜனவரி.
சிஎம்சியின் இளம் மருத்துவர்கள் சிலர் சென்ற வண்டி விபத்தில் கவிழ்ந்தது. அதில் இருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சியில் 1925இல் பிறந்தவர். வயது 28. முகத்தில் பெருங்காயம். தண்டுவடம் பாதித்து, இரண்டு கால்களும் செயலிழந்தன.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவரின் கதை பெரும்பாலும் படுக்கையிலேயே முடிந்துவிடும். படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று, அப்புறம் மரணம்.

பிராண்ட் வேறு மாதிரி யோசித்தார். கை அறுவை சிகிச்சை உட்கார்ந்து செய்யக்கூடியது. கால் எதுக்கு? மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ய ஆரம்பித்தார். நிற்க முடியாத மருத்துவர், பிடிக்க முடியாத கைகளைச் சரிசெய்தார்.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய், தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சியை ஒரு நோயாளியாகப் பெற்றார். அடுத்து நியூயார்க் சென்று அதே துறையை மருத்துவராகப் படித்தார். 1963இல் சிஎம்சியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவரானார். 1966இல் வேலூர் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ. 1986இல் மறைந்தார்.

சரி டாக்டர், இதுக்கும் தோள்பட்டைக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கு. கால் போனவருக்குத் தோள்தான் கால். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சக்கரம் தள்ளுவது, கழிவறைக்குப் போவது எல்லாமே தோள் பலத்தில்தான்.

இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் இதை முன்பே புரிந்துகொண்டிருந்தார். போரில் தண்டுவடம் பாதித்தவர்களுக்காக 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப் பிரிவு தொடங்கியவர். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரை சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்கின் வேர் அது. வில் இழுத்தால் தோளும் முதுகும் உறுதியாகும், உட்காரும் சமநிலையும் வரும்.

இதன் பின்னால் அழகான உடற்கூறியல் இருக்கிறது. ஜிம்மில் தம்பிகள் "விங்ஸ்" என்று சொல்வார்களே, அந்த முதுகுத் தசை. அதற்கு நரம்பு வருவது கழுத்திலிருந்து. ஆனால் தசையின் கீழ்முனை இடுப்பெலும்பு வரைக்கும் இறங்குகிறது. அதனால் நடுமுதுகில் தண்டுவடம் அடிபட்டாலும் இந்தத் தசை உயிரோடு இருக்கும். உணர்வே இல்லாத இடுப்பை மேலிருந்து பிடித்து நிறுத்தும் கயிறு அதுதான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு.

இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பந்து. எடை தாங்கவே படைக்கப்பட்டது. தோள் மூட்டு அப்படியல்ல. பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டி மேல் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவோமே, அது மாதிரி. கிண்ணம் சின்னது, பந்து பெரியது. பழம் விழாமல் பிடித்திருப்பவை சுற்றியுள்ள நான்கு சிறிய தசைகளும், அடியில் இருக்கும் தோள்பட்டை எலும்பை நிலையாக வைக்கும் முதுகுத் தசைகளும்தான்.

சக்கரம் தள்ளத் தள்ள நெஞ்சுத் தசை பலமாகி இறுகும். பின்பக்கத் தசைகள் பின்தங்கும். பழம் முன்னால் நழுவும். சவ்வு நசுங்கும், கிழியும். கால் இழந்தவர் தோளையும் இழந்தால் இரண்டாவது முறை முடங்குகிறார்.

அதனால்தான் 2005இல் அமெரிக்காவில் வந்த வழிகாட்டுதல் தோளைப் பாதுகாப்பதையே மையமாக வைத்தது. குட்டையாகப் படபடவென்று தள்ளாமல், நீளமாக நிதானமாகத் தள்ளுங்கள். தோளுக்கு மேல் கை தூக்கும் வேலையைக் குறையுங்கள். புண் வராமலிருக்க முன்பெல்லாம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்வோம். இப்போது முடிந்தவரை முன்னால் சாய்ந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்றச் சொல்கிறோம்.

இப்போ ஷிப்டுக்குப் போகணும் என்றவரிடம் வருகிறேன்.

உங்களுக்குக் கால் இருக்கு. ஆனால் மெஷின் மேல் குனிந்தே இருக்கும் அக்காவுக்கும் அதே கணக்குதான். முன்பக்கம் இறுக்கம், பின்பக்கம் தளர்ச்சி. செய்ய வேண்டியவை:

✅ வலிக்காத அளவில், முழங்கையை விலாவோடு ஒட்டி, ரப்பர் பேண்டைப் பிடித்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்க.

✅ பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி, துடுப்பு போடுவது போல் பின்னால் இழுங்க. இரண்டு தோள்பட்டை எலும்புகளும் நெருங்கி வரணும்.

✅ கதவு நிலையில் கை வைத்து நெஞ்சை விரியுங்க.

✅ பாரத்தை உடம்போடு ஒட்டித் தூக்குங்க. உயரமான அடுக்குக்கு எட்டி வீசாதீங்க.

ஒரே நாளில் சரியாகாது. சில வாரங்கள் விடாமல் செய்யணும். கை தூக்கவே முடியாவிட்டாலோ, மரத்துப்போனாலோ, அடிபட்ட பிறகு வலி வந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்க. இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இருந்தால் அது இதயமாக இருக்கலாம். தாமதிக்காதீங்க.

வீட்டில் தண்டுவடம் பாதித்தவர் இருந்தால் ஒரு வேண்டுகோள். "பாவம், நீ படு, நாங்க பாத்துக்கறோம்" என்று எல்லாவற்றையும் நீங்களே செய்யாதீங்க. கையைப் பிடித்து இழுத்தும் தூக்காதீங்க. உதவி செய்கிறோம் என்று நினைத்து, அவரிடம் மிச்சமிருக்கும் கால்களையும் எடுத்துவிடுகிறோம். பயிற்சிக்கு அழைத்துப் போங்க.

கடைசியாக, பிராண்ட் சொன்ன அந்தக் காவல்காரன். வலி தெரியாமல் கையை இழந்தவர்களை இந்த மண் பார்த்திருக்கிறது. உங்களுக்கு வலி தெரிகிறது. மாத்திரை போட்டு அதன் வாயை அடைத்துவிட்டு, அதே பாரத்தை அதே மாதிரி தூக்கப் போகாதீங்க.

ஊசி இன்றைய ஷிப்டுக்கு உதவும். பயிற்சிதான் அடுத்த இருபது வருஷத்துக்கு உதவும்.