குழந்தைகளின் அறிவை எண்ணால் அளந்த வரலாறு

"இவனுக்குப் படிப்பு ஏறாது" என்னும் சொல்லைக் கேளாமல் பள்ளியைக் கடந்து வந்தவர் நம்முள் மிகச் சிலரே. அச்சொல் ஓர் ஆசிரியரின் வாயிலிருந்து வந்தவரை அது ஒருவருடைய கருத்து. அதுவே எண்ணாக மாறி ஏட்டில் ஏறியபோது அறிவியல் எனப்பட்டது. 'நுண்ணறிவு ஈவு' என்ற பாடத்தை நம் ஆசிரியர்கள் பயிற்சிக் கல்லூரியில் கற்றிருப்பர். அந்த எண் எவ்வாறு பிறந்தது, யார் கையில் எதற்குப் பயன்பட்டது, அதனை அமெரிக்கக் கறுப்பின மக்கள் எவ்வாறு எதிர்த்து நின்றனர் என்பவற்றை இம்மலரில் பதிந்து வைப்பது நம் சங்கத்தின் பணிக்குப் பொருந்துவதே எனக் கருதுகிறோம்.

1904ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசின் கல்வி அமைச்சகம், வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்கேற்ற கல்வி அளிக்கும் வழியை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதில் இடம்பெற்ற ஆல்பிரெட் பினே என்ற உளவியலார், சிமோன் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1905இல் 30 சோதனைகள் கொண்ட வரிசையொன்றை வகுத்தார். எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண்கள் தொடர்கின்றனவா என்பது அதன் முதற் சோதனை. படத்திலுள்ள பொருள்களின் பெயரைச் சொல்லுதல், எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல், எடைகளை ஒப்பிடுதல் எனப் படிப்படியாக அது கடினமாகும். 1908இல் அவர்கள் இவற்றை வயதுவாரியாக அடுக்கினர். 'மனவயது' என்ற கருத்து அதனோடு வந்தது.

பினேயின் நோக்கம் உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்டறிவதே. அறிவு மாறாத அளவுடையது என்று பேசியோரை 1909இல் வெளிவந்த தம் நூலில் அவர் கண்டித்தார். பயிற்சியால் அது வளரும் என்றார். 1911இல் அவர் மறைந்தார். அவருடைய கருவி அப்போதே கடல் கடந்திருந்தது.

நியூஜெர்சி மாநிலத்து வைன்லாந்தில் பணியாற்றிய காடர்டு 1908இல் அதனை அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றார். மனவயதை உண்மை வயதால் வகுக்கும் முறையை ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியர் 1912இல் சொன்னார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் டெர்மன் 1916இல் அதை நூறால் பெருக்கினார். 8 வயதுக் குழந்தை 6 வயதுக்குரிய வினாக்களுக்கே விடை சொன்னால் அதன் ஈவு 75. கணக்கு அவ்வளவே. ஆனால் அதே ஆண்டு வெளியிட்ட தம் நூலில், மெக்சிகோ வழியினர், செவ்விந்தியர், கறுப்பின மக்கள் ஆகியோரின் குழந்தைகளிடம் காணும் மந்தம் பிறவிக் குணமே போலும் என்றும், அவர்களைத் தனி வகுப்புகளில் பிரித்து வைக்க வேண்டும் என்றும் டெர்மன் எழுதினார். உதவிக்கென வந்த கருவி ஒதுக்குவதற்கான கருவியாயிற்று. இது நமக்குப் புதிய செய்தியன்று; ஒதுக்குவோர் முன்பு சாத்திரத்தைக் காட்டினர், இவர்கள் புள்ளிவிவரத்தைக் காட்டினர்.

முதல் உலகப்போரின்போது, 1917இல் தொடங்கிப் பதினேழு இலட்சத்திற்கும் மேற்பட்ட படைவீரர்கள் இத்தகைய சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். வெள்ளையர் மதிப்பெண் உயர்ந்தும் கறுப்பினத்தவர் மதிப்பெண் தாழ்ந்தும் இருக்கக் கண்டவர்கள் அதனை இரத்தத்தின் தீர்ப்பு என்று பறைசாற்றினர். இதற்கு மறுமொழி எழுதியவர் ஹொரேஸ் மான் பாண்டு என்ற கறுப்பின இளைஞர். அப்போது அவருக்கு 20 வயதளவே. 1924இல் 'கிரைசிஸ்' இதழில் அவர் எழுதினார். அவ்விதழின் ஆசிரியர் டுபாய்ஸ். பிற்காலத்தில், 1946இல், அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது அவருக்கே. எதிரியின் அட்டவணையையே எடுத்து மாநிலவாரியாகப் பார்க்க வேண்டும் என்பதே பாண்டு காட்டிய வழி. அவ்வாறு பார்த்தால், ஒகையோவின் கறுப்பின வீரர்களுடைய இடைநிலை மதிப்பெண் 49.50, மிசிசிப்பியின் வெள்ளை வீரர்களுக்கோ 41.25. இரத்தமே காரணமெனில் இது நிகழ்வதெங்ஙனம்? பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் மதிப்பெண்ணும் இருந்தது. 1927இல் சிகாகோவில் கறுப்பினக் குழந்தைகளைப் பாண்டு தாமே சோதித்தார். சோதிப்பவரிடம் குழந்தைக்கு அச்சம் நீங்கிய பின்னரே வினாத்தாளை எடுத்தார். அவர்களுள் பலர் நூற்றுக்கு மிக மேலான ஈவு பெற்றனர்.

எனினும் பள்ளிகள் கேட்கவில்லை. கலிபோர்னியாவில் 1960களின் இறுதியில் மாணவருள் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 9 பேர். மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பிலோ நூற்றுக்கு 27 பேர். அவ்வகுப்பில் புகுந்த குழந்தை பொது வகுப்பிற்குத் திரும்புவது அரிது. ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது குழந்தைகள் ஆங்கிலத்தில் சோதிக்கப்பட்டு அங்கே தள்ளப்பட்டிருந்தனர். தாய்மொழியில் மீண்டும் சோதித்தபோது அவர்களுடைய ஈவு சராசரியாக 15 உயர்ந்தது. அவ்வழக்கு 1970இல் உடன்பாட்டில் முடிந்தது.

1971இல் சான்பிரான்சிஸ்கோவின் ஆறு கறுப்பினக் குழந்தைகளுக்காகப் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். லாரி பி. என்ற மறைபெயரால் அது அறியப்படுகிறது. கறுப்பின உளவியலார் அக்குழந்தைகளோடு இணக்கமாகப் பழகி, வினாக்களின் சொற்களைச் சற்றே மாற்றி, குழந்தைகளுக்குப் பழகிய முறையில் வந்த விடைகளையும் ஏற்று மறுபடி சோதித்தனர். ஆறு பேரும் 75ஐத் தாண்டினர். உன்னிலும் சிறியவன் சண்டைக்கு வந்தால் என்ன செய்வாய் என்பது அன்றைய சோதனைகளில் ஒரு வினா. ஒதுங்கிப் போவேன் என்றால் மதிப்பெண்; திருப்பி அடிப்பேன் என்றால் இல்லை. தெருவில் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டிய குழந்தை இதில் தோற்பது அறிவின் குறையா? அந்த வழக்கின் எதிர்வாதியான மாநிலக் கல்வித் தலைவர் வில்சன் ரைல்சும் கறுப்பினத்தவரே என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். நம்மவர் நாற்காலியில் அமர்ந்ததும் கோப்புகளின் போக்கு மாறிவிடுவதில்லை.

1979இல் நீதிபதி பெக்காம், கறுப்பினக் குழந்தைகளை அவ்வகுப்புகளில் சேர்க்க இச்சோதனைகளைப் பயன்படுத்தலாகாது எனத் தீர்ப்பளித்தார். மறு ஆண்டே சிகாகோவில் வேறொரு நீதிபதி, வினாக்கள் ஒவ்வொன்றையும் தாமே படித்துப் பார்த்து, மிகச் சிலவே ஒருதலையானவை எனக் கூறி எதிரான தீர்ப்பு வழங்கினார். பெக்காமின் தடையோ 1986இல் மேலும் விரிவாக்கப்பட்டு, சிறப்புக் கல்விக்கான எந்தத் தேவைக்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கு அச்சோதனை கூடாது என்றாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் தம் குழந்தைகளின் இடர்ப்பாடு என்னவென்று அறியச் சோதனை வேண்டும் எனக் கறுப்பினப் பெற்றோர் சிலரே நீதிமன்றம் ஏறினர். வெள்ளைக் குழந்தைக்குக் கிடைப்பது எம் குழந்தைக்கு ஏன் மறுக்கப்படுகிறது என்பது அவர்தம் வழக்கு. அதே பெக்காம் 1992இல் அவ்விரிவாக்கத்தை நீக்கினார். 1979இன் தீர்ப்பை நீக்கவில்லை. 1994இல் மேல் நீதிமன்றமும் அதனை ஏற்றது.