எதிர்காற்றைத் தாங்கியவர்கள்

ஆடி மாதத்தில் திருச்சியிலிருந்து திருவரங்கத்துக்குக் காவிரிப் பாலத்தின் வழியே சைக்கிள் மிதித்துச் சென்றவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். ஆற்றின் மேலாக மேற்கிலிருந்து வரும் காற்று இடப்பக்கம் மோதும். அப்பக்கம் சற்று முன்னால் இன்னொருவர் மிதித்துச் செல்வாரானால், அவருக்கு வலப்புறம் பின்தங்கி வருபவரின் கால்களுக்குச் சுமை சட்டென்று குறையும். ஐரோப்பாவின் தொழில்முறைச் சைக்கிள் பந்தயங்களில் கையாளப்படும் அணி உத்திகள் பெரும்பாலும் இந்த எளிய அனுபவத்தின்மேல் கட்டப்பட்டவையே.

சமதளச் சாலையில் வேகமாகச் செல்லும் வீரரின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றை எதிர்ப்பதிலேயே செலவாகிறது. ஒருவர் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு ஏறத்தாழ 30 சதவிகித உழைப்பு மிச்சமாகும் என்பர். பெருங்கூட்டத்தின் நடுவில் செல்பவர் எதிர்கொள்ளும் காற்றுத்தடை, தனியே செல்பவருக்கு உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே இந்தப் பந்தயத்தில் நெடுநேரம் முதலில் செல்பவர் பெரும்பாலும் வெல்வதில்லை. இன்னொருவர் வெல்வதற்காகவே அவர் முதலில் செல்கிறார்.

இந்த உண்மையை ஏற்கப் பந்தயத்தை நடத்தியவர்களுக்கே நெடுநாள் மனம் வரவில்லை. 1903இல் 'லோட்டோ' நாளிதழுக்காக ஆன்றி தெகிராஞ்சு தொடங்கிய டூர் டி பிரான்ஸ், தனிமனித வீரத்தின் அரங்கமாகவே கருதப்பட்டது. 60 பேர் புறப்பட்டனர். 2,428 கிலோமீட்டரைக் கடந்து முடித்தவர் 21 பேர். யாரும் யாருக்கும் உதவலாகாது என்பது அவருடைய கொள்கை. 1911இல் மோரீஸ் புரோக்கோ என்ற வீரர் பணம் பெற்று இன்னொருவருக்கு வழித்துணை செய்தார் என்று சினந்த தெகிராஞ்சு, அவரை 'டொமஸ்டிக்' என்று ஏசி எழுதினார். வீட்டு வேலையாள் என்பது அதன் பொருள். வசையாகப் பிறந்த அச்சொல்லே பின்னாளில் துணைவீரருக்குரிய தொழிற்பெயராக நிலைத்துவிட்டது.

1930இல் தெகிராஞ்சே தேசிய அணிகளைக் கொண்டுவந்தார். நான்காண்டுகளுக்குப் பின், 1934 பந்தயத்தில், பிரெஞ்சு அணித்தலைவர் அந்தோனென் மாஞ்யின் சக்கரம் பிரனீஸ் மலையிறக்கத்தில் பழுதானது. இருபதே வயதான ரெனே வியெத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். சக்கரமிழந்த சைக்கிளோடு சாலையோரக் கற்சுவரில் அமர்ந்து அவர் அழும் புகைப்படம் புகழ்பெற்றது. மறுநாளும் தலைவரின் வண்டி கெட்டது. முன்னால் சென்றுவிட்ட வியெத்தோ மலைமேல் திரும்பி ஏறிவந்து தம் சைக்கிளையே தந்தார். அவ்வாண்டு மாஞ் வென்றார். வியெத்தோ ஐந்தாமிடம் பெற்றார். அவர் டூர் டி பிரான்சை ஒருநாளும் வெல்லவில்லை.

நம் புறத்திணை மரபை அறிந்தவர்களுக்கு இப்பந்தயத்தின் போக்கு புதிதன்று. படையின் முன்னணியைத் தார் என்றும் தூசி என்றும், பின்னணியைக் கூழை என்றும் பிரித்தறிந்தது தமிழ். காலையில் சிலர் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடுவது வெட்சி என்றால், மற்ற அணிகள் முறைவைத்து முன்னே வந்து காற்றைத் தாங்கி அவர்களைத் துரத்திப் பிடிப்பது கரந்தை. ஓடியவர்களை நெடுந்தொலைவு விட்டுவைத்து, முடிவிடத்துக்குச் சில கிலோமீட்டர் முன்பாகப் பிடிப்பதே துரத்துவோரின் கணக்கு. முன்னதாகவே பிடித்துவிட்டால் வேறு சிலர் புதிதாக ஓடத் தொடங்குவர்.

அதன்பின் நிகழ்வதுதான் இறுதி விரைவோட்டம். 1990களில் இத்தாலியின் மாரியோ சிப்பொலினிக்காக சயேக்கோ அணி இதனை ஒரு கலையாகவே வளர்த்தது. செஞ்சட்டை வீரர்கள் ரயில்பெட்டிகளைப்போல் வரிசையாக நிற்பர். முன்னவர் தம் வலுவெல்லாம் தீரும்வரை இழுத்துவிட்டு விலகுவார், அடுத்தவர் பொறுப்பேற்பார். கடைசித் துணைவர் ஏறத்தாழ 200 மீட்டர் எஞ்சுகையில் வழிவிட, அதுவரை ஒளிந்திருந்த ஓட்டக்காரர் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்வார். 1999இல் சிப்பொலினி தொடர்ந்து நான்கு கட்டங்களை வென்றது இவ்வாறுதான். 2009இல் பாரிசில் மார்க் கேவண்டிஷ் முதலில் வந்தபோது, அவரை இழுத்துவந்த மார்க் ரென்ஷாவே இரண்டாமிடம் பெற்றார். வழிவிட்ட பின்னும் அவரைத் தாண்ட வேறெவராலும் இயலவில்லை.

இவ்வுத்தியின் மறுபக்கத்தை இந்திய மண்ணும் கண்டது. 2010 அக்டோபர் 10 அன்று தில்லி காமன்வெல்த் போட்டியின் சாலைப் பந்தயங்கள் நடந்தன. அவ்வாண்டு டூர் டி பிரான்சில் ஐந்து கட்டங்களை வென்றிருந்த கேவண்டிஷ், சின்னஞ்சிறு மான் தீவின் சார்பில் வந்திருந்தார். அவருடைய தொழில்முறை அணி அங்கே இல்லை, பதக்கமும் கிட்டவில்லை. ஆடவரில் ஆஸ்திரேலியாவின் ஆலன் டேவிஸ் வென்றார். பெண்களில் ஆஸ்திரேலியாவின் ரோஷெல் கில்மோர் முதலிடமும், அவருடைய அணித்தோழி குளோயி ஹோஸ்கிங் மூன்றாமிடமும் பெற்றனர். ஒரு தோல்விக்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் உலகின் தலைசிறந்த விரைவோட்டக்காரரும் தம் வரிசை இல்லாத நாளில் பலருள் ஒருவரே என்பதை அன்று காண முடிந்தது.

திருவரங்கத்துச் சித்திரைத் தேரை ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கின்றனர். வீதி முனையில் அதைத் திருப்புவது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுபவர்களின் கைக்கணக்கு. தேர் நிலைக்கு வந்தபின் அவர்கள் பெயரை யாரும் கேட்பதில்லை. பந்தய முடிவுப் பட்டியல்களும் அத்தகையவையே. வென்றவர் பரிசுப்பணத்தை அணியினரோடு பகிர்ந்துகொள்வது அங்கே வழக்கம். பெயரைப் பகிரத்தான் வழியில்லை. ஆநிரைப் பூசலில் வீழ்ந்த எளிய மறவனுக்கும் நடுகல் நட்டுப் பெயரும் பொறித்த ஒரு மரபில் வந்தவர்களுக்கு இக்குறை உறுத்தவே செய்யும்.

2024 ஜூலை 3 அன்று கேவண்டிஷ் தம் 35ஆவது டூர் கட்டத்தை வென்று, எடி மெர்க்சின் 34 வெற்றிகள் என்ற சாதனையைக் கடந்தார். அப்போது அவருடைய அணியின் நெறியாளர்களுள் ஒருவராக அதே ரென்ஷா இருந்தார். இனி இத்தகைய ஓட்டம் ஒன்றைக் காண நேர்ந்தால், கோட்டைத் தொடுபவரை விட்டுவிட்டு, 200 மீட்டருக்கு முன் வேகம் தளர்ந்து ஒதுங்கும் அந்த ஒருவரைப் பாருங்கள். சில வேளைகளில், கைகளை உயர்த்தி முதலில் மகிழ்பவர் அவராகவே இருப்பார்.